கண்ணாடிப் பெட்டியில் ஆண்டியப்பனின் நாடி

செவ்வந்திப்பேட்டையில் விலை உயர்ந்த ஸ்மார்ட் வாட்சுகளெல்லாம் கட்டியவரின் நாடியை விட்டுவிட்டு ஊரில் வேறு யாருடைய நாடியையோ காட்ட ஆரம்பித்த அந்த வருஷத்தில்தான், மாட்டுத் தரகன் ஆண்டியப்பனுக்கு அப்படி ஒரு வாட்சு வாங்கியே தீரவேண்டும் என்ற எண்ணம் வந்தது. வந்த சூட்டோடு வாங்கி என்ன பயன் என்ற எண்ணமும் வந்தது. ஒரே நுகத்தில் பூட்டிய ஒத்துவராத மாடுகளாக இரண்டும் அவனை வடக்கேயும் தெற்கேயும் இழுத்துக்கொண்டிருந்தன.

அவனுக்குப் பயம். அதை மறைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. அப்பா சந்தையில் ஒரு கிடாரியின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்தார். அண்ணன் ஒரு கல்யாணப் பந்தியில் சோற்றில் குழி பறித்து ரசத்துக்குக் காத்திருந்தவன், ரசம் வருவதற்குள் சாய்ந்தான். இரண்டு பேரும் ஐம்பதைப் பார்க்கவில்லை. வருகிற தையில் ஆண்டியப்பனுக்கு ஐம்பது. திருச்சியில் பெரிய டாக்டர் நெஞ்சில் ஒயரெல்லாம் ஒட்டி, ஓடும் பட்டையில் ஓடவிட்டு, ஒன்றுமில்லை என்று சொன்னபோது, "இப்ப ஒண்ணுமில்ல, சரி. நான் படியிறங்குறப்ப?" என்று கேட்டு, டாக்டரை மூக்குக் கண்ணாடியைக் கழற்ற வைத்தவன் அவன்.

முன்பே மலிவான வாட்சு ஒன்று வாங்கிப் பார்த்தாயிற்று. அது அவன் கையில் எழுபத்திரண்டு காட்டியது. சந்தேகப்பட்டு ஆட்டுக்கல்லில் கட்டினான், அதற்கும் எழுபத்திரண்டு காட்டியது. வாழைத்தாரில் கட்டியபோது எழுபத்தாறு காட்டி, கொஞ்சம் ஓய்வெடுக்கச் சொல்லிப் புத்தியும் சொன்னது. ஆகவே வாங்கினால் நல்லதாக வாங்க வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. கடைத்தெருவில் ஆபிதாவின் செல்போன் கடையில் அந்த நல்லது இருந்தது. டைட்டானிய உடம்பு, கீறல் விழாத கண்ணாடி, ரத்தத்தில் காற்று எவ்வளவு, தூக்கத்தில் புரண்டது எத்தனை தரம், நெஞ்சு தாளம் தப்பினால் முன்கூட்டி மணி. நூறு அடி ஆழத் தண்ணீருக்குள் போனாலும் ஒன்றும் ஆகாதாம். ஊர்க் கிணறுகளில் முழங்காலுக்குக்கூடத் தண்ணீர் இல்லாத காலம் அது என்றாலும், கேட்பவர்கள் அதைக் கேட்டுத் தலையாட்டிக்கொண்டார்கள்.

ஆனால் ஊர் எல்லைக்குள் அந்த ரக வாட்சு எதுவும் கட்டியவரின் நெஞ்சைக் காட்டாது. ரைஸ் மில் முதலாளி கட்டினால் யாரோ மாடி ஏறுவதைக் காட்டும். தலைமையாசிரியை கட்டினால் யாரோ குட்டித் தூக்கம் போடுவதைக் காட்டும். கம்பெனியிலிருந்து ஒரு இன்ஜினியர் வந்தார். ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றார், அவர் நாடியைக் காட்டியது. இந்தப் பக்கம் வந்தார், யாரோ கோபமாக இருப்பதைக் காட்டியது. மறுபடி போய் மறுபடி வந்தார், இப்போது புதிதாக வேறு யாரோ. மத்தியானம் வரை கேட்டைத் தாண்டித் தாண்டிப் பார்த்துவிட்டு, பிரியாணி சாப்பிட்டு, வாட்சில் கோளாறு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் பஸ் ஏறிவிட்டார். ஏன் இப்படி என்று அதற்குப் பிறகு ஊரில் யாரும் கேட்கவில்லை. கேட்டால் மட்டும் சரியாகிவிடுமா என்ன.

ஊர் அதைத் தன் வழக்கத்துக்குள் மடித்து வைத்துக்கொண்டது. செவ்வந்திப்பேட்டை சந்தைக்கார ஊர். அங்கே மாட்டு விலையை வாயால் சொல்வதில்லை. வாங்குகிறவர் கையும் விற்கிறவர் கையும் ஒரு துண்டுக்குள் போகும், விரலைப் பிடிப்பதிலும் மடக்குவதிலும் விலை நடக்கும், துண்டுக்குள் நடந்தது துண்டுக்குள்ளேயே இருக்கும், துண்டு விழுந்த பேரத்தில் மூன்றாவது கை நுழையாது. தன் கையில் ஓடும் நாடி யாருடையது என்று தேடவும் அதே துண்டுதான் உதவியது. சந்தேகப்பட்ட ஆளின் மணிக்கட்டைத் துண்டுக்குள் பிடித்து, விரல் சொல்வதையும் வாட்சில் துடிக்கும் சிவப்புப் புள்ளியையும் ஒத்துப் பார்ப்பார்கள். ஒத்துவந்தால் அன்றிலிருந்து இருவரும் நாடிச் சம்பந்திகள். தீபாவளிக்குப் பலகாரத் தட்டு, வீட்டு விசேஷத்துக்கு முதல் பத்திரிகை, சம்பந்திகளுக்கு உண்டான எல்லா மனத்தாங்கலும் உண்டு. "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு ஊரே "சார்ஜ் போட்டீங்களா" என்று விசாரிக்க ஆரம்பித்தது. வாட்சு அணைந்தால் நாடிக்கு உரியவருக்கு ஒன்றும் ஆவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தன் நெஞ்சு ஒருவர் கையில் இருட்டிக் கிடக்கிறது என்று தெரிந்தபின் யாருக்குச் சோறு இறங்கும்?

தையல்காரர் ஒருவர் தன் நாடி ஓடும் வாட்சை மச்சானிடமிருந்து கெஞ்சி வாங்கித் தன் கையிலேயே கட்டிப் பார்த்தார். கட்டிய கணமே அவர் நாடி அதைவிட்டு இறங்கிப் போய்விட்டது. தன் நெஞ்சு தன் கையில் தங்காது என்று ஊர் தெரிந்துகொண்டது அப்படித்தான். மாற்றலாகி ஓசூருக்குப் போன பேங்க் அதிகாரி ஒருவர், தச்சன் மாரியப்பனின் நாடி ஓடிய வாட்சோடு ரயில்வே கேட்டைத் தாண்டிவிட்டார். அதற்குப் பிறகு அந்த நாடி எந்தக் கையிலும் எந்தப் பெட்டியிலும் திரும்பி வரவில்லை. மாரியப்பன் நன்றாகத்தான் இருக்கிறார், நாலு வேளை சாப்பிடுகிறார். ஆனால் தினமும் சாயங்காலம் உளியை வைத்துவிட்டு ரயில்வே கேட்டுக்குப் போய், போகிற ரயில்களைப் பார்த்தபடி நிற்கிறார்.

இந்த நிலைமையில்தான் ஆண்டியப்பன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு தன் நாடியைத் தேடிக் கிளம்பினான். வாட்சு கட்டியிருந்த ஒருத்தரையும் விடவில்லை. மில்காரர், தலைமையாசிரியை, கால்நடை டாக்டர், கோயில் குருக்கள் என்று எல்லோரும் துண்டுக்குள் அவன் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். உன்னுடையது இன்னும் விற்காத பெட்டியில் இருக்கும் என்றார் குருக்கள். ஊரில் முக்கால்வாசிப் பேர் நிலைமை அதுதான், அவர்கள் யாரும் அதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டியப்பன் மட்டும் கெடுத்துக்கொண்டான்.

கண்டுபிடித்தது ஆபிதா. கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள், இருப்பதிலேயே விலை கூடிய வாட்சை ஒரு பிளாஸ்டிக் கையில் கட்டி நிறுத்தியிருந்தாள். ஆண்டியப்பன் கடைவாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பிளாஸ்டிக் கையின் நாடி எகிறுவதைப் பார்த்துவிட்டு அவள்தான் கூப்பிட்டாள்.

"அண்ணே, சித்த இங்க வாங்க. உங்க கைய நீங்களே புடிச்சிக்கிட்டு இதப் பாருங்க."

பிடித்தான், பார்த்தான். விரலுக்குக் கீழே அடித்ததும் கண்ணாடிக்குள் சிவப்புப் புள்ளி துடித்ததும் ஒன்றாக இருந்தன. அது தன்னுடையதுதான் என்று தெரிந்த அதிர்ச்சியில் நாடி ஏறியது, ஏறுவதைப் பார்த்துப் பயந்தான், பயந்ததில் இன்னும் ஏறியது, ஆபிதா ஒரு ஸ்டூலைப் போட்டுத் தண்ணீர் கொடுத்து அவன் முகத்தை வேறு பக்கம் திருப்பி வைத்தாள்.

அன்றிலிருந்து வாட்சு வாங்குவது வேறு விஷயமாகிவிட்டது. அவன் கட்டினால் அது அவனை விட்டுப் போய்விடும். வேறொருவர் வாங்கிக் கட்ட வேண்டும். தன் நெஞ்சைக் கையில் கட்டிக்கொண்டு காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, அதுவும் அந்த விலைக்கு, யார் வருவார்கள் என்று யோசித்தபோது அவனுக்கு ஒரே ஒரு முகம்தான் தெரிந்தது. மனைவி தவமணி அப்போது பால் கேனோடு தெருவில் வந்துகொண்டிருந்தாள். பாதி வழியில் கேனை இறக்கி வைத்து, கொசுவத்தைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நின்று, மறுபடி தூக்கிக்கொண்டு வந்தாள்.

அவன் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் பாலை அளந்து ஊற்றினாள். "ஏங்க, உங்க பயத்த இருபத்தஞ்சு வருசமா மடியில கட்டிக்கிட்டு அலையிறேன். பத்தாதுன்னு இனிமே கையிலயும் கட்டணுமாக்கும்?"

"இல்ல தவமணி, ஒரு பாதுகாப்புக்குத்தான்..."

"நீங்க ஏப்பம் விட்டாலும் நெஞ்ச புடிக்கிறீங்க. தும்முனாலும் புடிக்கிறீங்க. அத வேற நம்பர் போட்டு நான் பாக்கணுமா? பணம் கெடக்குது பணம். என்னால முடியாது சாமி."

அதில் அநியாயம் ஒன்றும் இல்லை, அதனால்தான் அவனுக்கு அவ்வளவு வலித்தது. தன் நெஞ்சு ஒரு பிளாஸ்டிக் கைக்குத்தான் லாயக்கு என்று நினைத்துக்கொண்டான். வேலை இல்லாத நேரமெல்லாம் அந்தக் கடைவாசலில் போய் நின்றான். பெட்டியைப் பார்த்தால் பயம், பார்க்காவிட்டால் அதைவிடப் பயம். எதிர் டீக்கடைக்காரர் கேட்காமலே அவனுக்கு டீ அனுப்பினார், சர்க்கரை குறைத்து. பள்ளிக்கூடம் விட்டுப் போகும் பெண்கள் கண்ணாடியைப் பார்த்து "மாமா, தொண்ணூறுதான், பயப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஊர் ஒருவனை இவ்வளவுதான் தாங்க முடியும், அதற்கு மேல் அவரவர் வேலை அவரவருக்கு.

சந்தை நாளன்று ஒரு வேன் வந்து நின்றது. பழநிப் பக்கத்து ஆட்கள். பெண் வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்சு போட வேண்டும். மாப்பிள்ளை பெங்களூரில் வேலை. போடுவதைப் பார்த்துச் சம்பந்தி வீட்டார் வாயடைத்துப் போக வேண்டும். பெண்ணின் அப்பா கடைக்குள் கண்ணை ஒரு சுற்று ஓட்டி, நேராகக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி, "அத எடும்மா" என்றார்.

பிளாஸ்டிக் கையில் எண் நூற்று நாற்பதைத் தொட்டது. வாசலில் நின்ற ஆண்டியப்பன் டீயைக் கீழே வைத்தான். பெங்களூர் என்றால் கேட்டைத் தாண்டும். கேட்டைத் தாண்டினால் மாரியப்பனோடு சேர்ந்து நின்று ரயில் பார்க்க வேண்டியதுதான். ஓடிப்போய் அழலாம் என்று தோன்றியது. ஆனால் தரகனுக்கு அழுது பழக்கமில்லை. ஒரு பேரத்தைக் கலைக்க அவனுக்குத் தெரிந்த வழி ஒன்றுதான், மாட்டில் குற்றம் சொல்வது. கண்ணாடி போன்ற உடம்புள்ள காளையிலும் கெட்ட சுழி காட்டி, வாங்க வந்தவனைத் திரும்பிப் பார்க்காமல் ஓட வைத்திருக்கிறான்.

"ஐயா, நான் தரகன். பொய் சொல்ல மாட்டேன்," என்று முதல் பொய்யைச் சொல்லிவிட்டு உள்ளே போனான். "இது வேண்டாம். பாக்க லட்சணமா இருக்கும், ஆனா மெரளும். போன் அடிச்சா மெரளும், பூனை குதிச்சா மெரளும். வம்சத்துலயே கோளாறு. அப்பன் நின்ன எடத்துல விழுந்தாரு, அண்ணன் குந்துன எடத்துல விழுந்தான். ராவுல தூங்காது. பக்கத்துல இருக்குறவளயும் தூங்க விடாது. ஒருத்தி இதக் கட்டிக்கிட்டு இத்தன வருசமா மாரடிக்கிறா. ஒரு நாள் நிம்மதியா ஒரு வாய் சோறு தின்னுருப்பாளா, தெரியாது. இது ஒரு நாளும் கேட்டதில்ல. ஓசியில குடுத்தாலும் வாங்காதீங்க."

குற்றம் சொல்லத்தான் ஆரம்பித்தான். முடிப்பதற்குள், இத்தனை வருஷம் யாரிடமும் முழுசாகச் சொல்லாததைச் சந்தை நாள் கூட்டத்தில் கத்திச் சொல்லிவிட்டான். சொல்லச் சொல்லப் பெட்டிக்குள் எண் இறங்கியது. நூற்றிருபது, நூறு, எண்பது என்று இறங்கி எழுபதில் வந்து அமைதியாக நின்றது.

பெண்ணின் அப்பா அதைக் குனிந்து பார்த்தார். "நல்லாத்தான ஓடுது? பில்லப் போடும்மா," என்றார்.

"அது விக்கிறதுக்கு இல்லீங்க."

கடையின் மூன்று படிகளுக்குக் கீழே தவமணி நின்றுகொண்டிருந்தாள். அவனைச் சாப்பிடக் கூப்பிட வந்தவள், அவன் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு அங்கேயே நின்றிருக்கிறாள். ஒரு படி ஏறி நின்றாள், அடுத்த படி ஏறி நின்றாள், முட்டியைத் தடவிக்கொண்டு மூன்றாவதையும் ஏறி உள்ளே வந்தாள்.

"நீங்க யாரும்மா?" என்றார் பெண்ணின் அப்பா.

"அது எங்க வீட்டு நெஞ்சு," என்றாள் தவமணி. பிறகு புருஷனைப் பார்த்து, "ஊரக் கூட்டி வச்சு இப்பிடியா சொல்லுவாங்க, ஓசியில குடுத்தாலும் வேண்டாம்னு? கழுதைக்கிக் கூட அப்பிடிச் சொல்ல மாட்டாங்க," என்று சொல்லிக்கொண்டே அவன் தோளிலிருந்த துண்டை உருவி, மேஜை மேலிருந்த ஆபிதாவின் கைமேல் போட்டு, தன் கையை உள்ளே விட்டாள்.

அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளை விலை பேசத் துண்டுக்குள் கைவிட்டது அதுதான் முதல் தடவை. எதிரே இருந்ததும் பெண்பிள்ளை. தலைக்குமேல் 'ஒரே விலை' என்று பலகை தொங்கியது. அதற்குக் கீழே அரைமணி நேரம் விரல்கள் பேசின. ஆபிதா ஒருமுறை கண்ணை அகலத் திறந்தாள், ஒருமுறை சிரித்தாள், கடைசியில் தலையை ஆட்டினாள். என்ன விலைக்குப் படிந்தது என்று இன்றுவரைக்கும் ஊரில் ஆளுக்கொன்று சொல்வார்கள். பெண்ணின் அப்பாவும் மாடு பிடிக்கிற வம்சம்தான். துண்டு விழுந்த பேரத்தில் கை நுழைக்கக் கூடாது என்று அவருக்குத் தெரியும். தங்க நிறத்தில் வேறொன்றை வாங்கிக்கொண்டு, அதில் யாரோ விக்கிக்கொண்டிருப்பதையும் பொருட்படுத்தாமல் வேன் ஏறினார்.

வீட்டுக்கு வருகிற வழியிலேயே ஆண்டியப்பன் ஆரம்பித்துவிட்டான். "எவ்வளவு காட்டுது?"

"சொல்ல மாட்டேன்," என்று தவமணி முந்தானையை இழுத்து மணிக்கட்டை மூடிக்கொண்டாள்.

"ஏறியிருக்கா?"

"துண்டுக்குள்ள இருக்குறத வெளிய சொல்றது உண்டா? நீங்கதான தரகரு."

சாப்பிட்டான். மறுபடி கேட்டான். சொல்லவில்லை. பார்க்க வேண்டியதை வேறொருத்தி பார்த்துக்கொள்கிறாள் என்றானபின் தனக்குச் செய்ய ஒன்றுமில்லை என்பது அவனுக்குக் கயிற்றுக்கட்டிலில் படுத்தபிறகுதான் உறைத்தது. அப்படியே தூங்கிப்போனான். வாயைத் திறந்துகொண்டு, குறட்டை விட்டு, அண்ணன் செத்த நாளிலிருந்து தூங்காத தூக்கத்தையெல்லாம் சேர்த்துத் தூங்கினான். தவமணி பக்கத்தில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அறுபத்திரண்டு, அறுபத்தொன்று, மறுபடி அறுபத்திரண்டு. முறத்தில் இருந்த உளுந்து அப்படியே கிடந்தது. இனி இதைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

அவன் கண் விழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. தவமணி தன் வலது கை இரண்டு விரலால் தன்னுடைய இடது மணிக்கட்டை, வாட்சுக்குக் கொஞ்சம் கீழே, அழுத்திக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"ஒண்ணுமில்ல. என்னுது எந்தப் பெட்டியில கெடக்குதோன்னு நெனச்சேன்."

ஆண்டியப்பன் எழுந்து உட்கார்ந்தான். எத்தனை பேரிடம் மணிக்கட்டைக் கொடுத்திருக்கிறான், எத்தனை பேரைக் கேட்டிருக்கிறான், இவளுடையது எங்கே என்று ஒரு தடவைகூட யாரிடமும் கேட்டதில்லை. வெட்கமாக இருந்தது. அடுத்த சரக்கு வரும்போது ஒவ்வொரு பெட்டியாகப் பிரித்துப் பார்த்துக் கண்டுபிடித்துவிட வேண்டும்; அதற்கு முதலில் அவள் நாடி எப்படி ஓடும் என்று தெரிய வேண்டும். வழக்கத்தை விடாமல் துண்டை அவளுடைய வலது கைமேல் போட்டு, உள்ளே விரலை வைத்துக் கண்ணை மூடினான்.

கண்ணை மூடிக்கொண்டு மணிச்சத்தத்தை வைத்தே எந்த மாடு எந்தக் காலைத் தாங்கி நடக்கிறது என்று சொல்லக்கூடியவன் அவன். அவள் நாடி மூன்று எட்டு வைத்தது, நின்றது. நின்றதை ஈடுகட்ட இரண்டு எட்டு தடதடவென்று ஓடியது. மறுபடி மூன்று. மறுபடி நின்றது, இந்தத் தடவை இன்னும் கொஞ்சம் அதிக நேரம். பாதி வழியில் இறக்கி வைத்த பால் கேன் ஞாபகம் வந்தது. கொசுவத்தைச் சரிசெய்தது ஞாபகம் வந்தது. கடைப் படியில் ஒவ்வொன்றாக நின்றது ஞாபகம் வந்தது. முட்டி என்று அவள் சொன்னாள், முட்டி என்று அவனும் நம்பினான், தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டே.

"எப்பிடி ஓடுது?" என்று கேட்டாள் தவமணி.

"கன்னுக்குட்டி கணக்கா ஓடுது," என்றான் ஆண்டியப்பன். குருட்டு மாட்டை விற்றபோதும் இமை ஆடாத முகம் அது, இப்போதும் ஆடவில்லை.

தவமணி அந்த முகத்தைப் பார்க்கவே இல்லை. இடது கை முந்தானையை விலக்கினாள். நூற்றுப் பதினெட்டு, நூற்று முப்பது, நூற்று நாற்பத்தாறு. பிறகு மெதுவாக, "அம்புட்டு மோசமா?" என்று கேட்டாள்.

அவன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டான். "சேலைய மாத்து. திருச்சிக்குப் போவோம்," என்றான்.

ஆட்டோ கிடைத்தது. கடைத்தெரு போயிற்று, ஆபிதாவின் கடையில் வெறும் பிளாஸ்டிக் கை நின்றுகொண்டிருந்தது, சந்தைத் திடல் போயிற்று. ரயில்வே கேட்டு மூடியிருந்தது. ஓரத்தில் தச்சன் மாரியப்பன் நின்றுகொண்டிருந்தார். அவரைப் பார்த்ததும் தவமணி மடமடவென்று வாட்சின் வாரை அவிழ்க்கப் போனாள்.

"இருங்க, இத மாரியப்பண்ணங்கிட்ட குடுத்துட்டு வந்துருவோம். தாண்டுனா உங்களுது போயிரும்."

"கையிலயே இருக்கட்டும்."

"திரும்பி வராதுங்க. அதுக்காகத்தான இம்புட்டு அலைஞ்சீங்க?"

"அந்தப் பக்கம் போனா அது உன்னுதக் காட்டும்ல," என்றான் ஆண்டியப்பன். "ஆஸ்பத்திரி போற வரைக்கும் நான் பாத்துக்கிட்டே வரணும்."

ரயில் போயிற்று. கேட்டு தூக்கிக்கொண்டது. மாரியப்பன் ஆட்டோவுக்குள் பார்த்தார், வாட்சைப் பார்த்தார், ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆண்டியப்பன் டிரைவரைப் போகச் சொன்னான். தண்டவாளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது கண்ணாடியில் எண் அழிந்தது. ஒரு மூச்சு நேரம் ஒன்றுமே இல்லாமல் கறுப்பாக இருந்தது. பிறகு சிவப்புப் புள்ளி வந்தது. மூன்று எட்டு வைத்தது, நின்றது. அவன் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு, அது அடுத்த எட்டை எடுத்து வைக்கிறதா என்று பார்த்தபடி உட்கார்ந்திருந்தான்.